எழவு சேது

சேதுராமனுக்கு எது வீணாய்ப் போனாலும் பொறுக்காது. பானையில் ஒட்டிய பருக்கை, மூடியும் மூடாமல் சொட்டும் குழாய், பக்கத்துக் கடையில் பட்டப்பகலில் எரியும் பல்பு, எல்லாமே அவருக்கு வயிற்றெரிச்சல்தான். அந்தக் கடைக்காரனிடம் பல்பை அணைக்கச் சொல்லிச் சொல்லியே கடைசியில் சீனி வாங்கக்கூட அங்கே போக முடியாமல் பண்ணிக்கொண்டவர். அப்பேர்ப்பட்ட மனிதரின் கையில்தான் கம்பெனி அந்தப் போனைக் கொடுத்தது.

பேராதனை ரோட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் களஞ்சியத்துக்கு அவர் செகியூரிட்டி. லொறி வந்தால் உள்ளே இருக்கும் மேனேஜர் மாத்தயாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், போனுக்கு அவ்வளவுதான் வேலை. அதற்குப் போய், ஊர் ஊராகச் சுற்றும் டிரைவர்மாருக்குக் கொடுக்கிற பெரிய பேக்கேஜையே அவருக்கும் போட்டுவிட்டார்கள். போன் என்னவோ சாதாரணப் பட்டன் போன்தான். ஆனால் நாள் முழுக்கப் பேசினாலும் தீராத அளவு நிமிடங்கள் அதில் இருந்தன. மாதம் முடிந்தால் மிச்சமெல்லாம் அழிந்து, புதிதாக மறுபடி ஏறும். மிச்சத்தைச் சேர்த்து வைக்க வழியில்லை என்று தெரிந்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சும்மா போவுதே பாலம்மா" என்று மனைவியிடம் புலம்பினார்.

"போனா போவட்டும். நம்ம வீட்டுக் காசா?"

"யாரு காசா இருந்தா என்னா? போறது போறதுதானே."

ஆகவே சொந்தக்காரர்களை அழைக்க ஆரம்பித்தார். மஹய்யாவயில் அவருடைய வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, மடுல்கெல்லத் தோட்டத்தில் இருக்கும் பாலம்மாவின் ஆட்கள், மாத்தளையில் இருக்கும் தன் ஆட்கள் என்று ஒருவர் விடாமல் பேசினார். "சும்மாதான் எடுத்தேன். அங்க மழையா?" என்று தொடங்குவார். முதலில் எல்லாரும் சந்தோசமாகத்தான் பேசினார்கள். ஆனால் மழையைப் பற்றி ஒருவரோடு எத்தனை தரம் பேச முடியும்? அவர் பெயரைக் கண்டதும் கைக்குழந்தையின் காதில் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பாலம்மாவின் தம்பி கணேஸ் ஒருநாள் போனை அப்படியே அலுமாரி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். சேதுராமன் நல்ல நேரம் அலுமாரியோடு பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு மடுல்கெல்லயில் பாலம்மாவின் சித்தப்பா மூக்கையா செத்தார். பத்துத் தோட்டத்துக்கும் கொழும்புக்கும் இழவு சொல்லியாக வேண்டும். யாருடைய போனிலும் அதற்கு ரீலோட் காசு இல்லை. "சேது மச்சான்கிட்ட சும்மாதானே கெடக்கு, அவரச் சொல்லச் சொல்லுங்க" என்றான் கணேஸ். சேதுராமனுக்குப் பிறவிப் பயன் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் அழைப்பு மூக்கையாவின் மகளுக்கு. அவள் வேறொரு தோட்டத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சேதுராமனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "தங்கச்சி, ஒங்கப்பா செத்துட்டாரு" என்றார். அவள் கூடையோடு சரிவில் உருண்டு கையை முறித்துக்கொண்டாள். இழவு வீட்டில் பிணத்தைவிட அந்தக் கைக்கட்டைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். "சொல்ற விதமா அது?" என்று ஆளாளுக்கு அவரைக் காய்ச்சி எடுத்தார்கள்.

அதிலிருந்து அவர் சொல்லும் விதத்தைக் கற்றுக்கொண்டார். முதலில் மழை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அப்புறம் "பெரியவருக்குக் கொஞ்சம் முடியல." அப்புறம் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு." எதிர்ப்பக்கத்தில் மூச்சு மாறினால் உடனே, "இல்ல, இல்ல, உசுரு இருக்கு. சத்தியமா இருக்கு. நீங்க பதறாம கெளம்பி வாங்க" என்பார். பஸ்ஸில் நாலு பேர் நடுவே தலையில் அடித்துக்கொள்ளாமல் ஆட்கள் வந்து சேருவார்கள். லயத்து வீடுகளின் முடக்கில் கட்டிய வெள்ளைக்கொடி மிச்சத்தைச் சொல்லிக்கொள்ளும். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது.

நல்ல பெயர் வந்தது. சாவு என்றால் முதலில் சேதுவுக்குச் சொல்லு என்றாகிவிட்டது. இழவு வீட்டில் அவருக்கு முன்வரிசையில் கதிரை, கேட்காமலே தேத்தண்ணி. வாழ்நாள் முழுக்கக் கேட்டோரத்தில் நின்று மற்றவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்ட மனிதருக்கு இது சின்ன விசயமா? ஆட்களுக்கும் நல்ல வசதி. காசும் மிச்சம், கெட்ட செய்தி சொன்ன வாயென்ற பழியும் தங்களுக்கு இல்லை. அந்தப் பழி எங்கே போய்ச் சேரும் என்று யாரும் கவலைப்படவில்லை. ஏன் படப்போகிறார்கள்?

பாலம்மா மட்டும்தான் கவலைப்பட்டாள். தோட்டத்தில் முன்பு இழவு சொல்லிப் போவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் மலை மலையாக நடந்துபோய்ச் சொன்ன அந்த ஆட்களை வாசலுக்கு அப்பால் நிறுத்தி, தேத்தண்ணியைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் பாலம்மா.

"வேணாங்க. இன்னிக்குக் கதிர போடுவாங்க. நாளைக்கு வாசலுக்கு அங்கிட்டு நிப்பாட்டுவாங்க" என்றாள்.

"நான் என்னா நடந்தா போறேன்? இது போனு" என்றார் சேதுராமன்.

இன்னொன்றும் உண்டு. மாதக் கடைசி நெருங்கும்போது, நிமிடங்கள் குவியலாய் மிஞ்சிக் கிடக்கும்போது, எங்காவது ஒரு கிழடு போய்ச் சேராதா என்று அவருக்கு ஒரு நினைப்பு வரும். வந்ததும் "சே, சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆனால் அடுத்த மாதமும் வரும்.

அவர்களுடைய ஒரே பிள்ளை கிருஷாந்தி, அந்த வாசல் கதிரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் படித்து வளர்ந்தவள். "உசுரு இருக்கு, சத்தியமா இருக்கு" என்று அப்பா குழைவாகச் சொல்வதையும், போனை வைத்த கையோடு "சவப்பொட்டி வந்துருச்சாம்மா?" என்று அம்மாவிடம் கேட்பதையும் வருசக் கணக்கில் கேட்டவள். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பொய் என்றைக்காவது ஒருநாள் பிடிபடும். இவளுக்கு அது வீட்டுச் சத்தம்.

கிருஷாந்திக்கு நாவலப்பிட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. மோகனராஜ் என்று பெயர். கொழும்புக்கு லொறி ஓட்டுபவன். நல்ல பையன், தாய் சொல்லைத் தட்டாதவன். கல்யாண மண்டபத்தில் கணேஸ் போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடு தேடென்று தேடினான். "நில்லு, நான் ஒரு கோல் எடுக்கிறேன், சத்தம் வரும்" என்று சேதுராமன் உதவப் போனார். சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியிலிருந்து வந்தது. அந்த அம்மாள் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒளிர்ந்த பெயரை எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தாள்.

"யாருங்க இது... எழவு சேது?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கணேஸ்தான் பெரிதாகச் சிரித்தான். "எங்க போன்லயும் அப்புடித்தான் இருக்கு" என்று இன்னும் இரண்டு பேர் போனைத் தூக்கிக் காட்டினார்கள். தாலி கட்டி அரைமணி நேரம்கூட ஆகாத மகளின் முன்னால், பட்டு வேட்டியோடு, போனைக் காதில் வைத்தபடி சேதுராமன் நின்றார். அவரும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. மறுவீட்டுக்குப் போன இடத்தில் பதமாகச் சொன்னாள். "தப்பா நெனச்சிக்கிறாதீங்க அண்ணே. வாழ வந்த புள்ள இருக்கிற வீடு. ஒங்க நம்பர்ல இருந்து இங்க கோல் வேணாம்." கிருஷாந்தி குனிந்த தலை நிமிராமல், "நானே அம்மாவுக்கு எடுக்கிறேன்பா. நீங்க எடுக்காதீங்க" என்றாள். பாலம்மாவிடம் ஒரு சின்னப் போன் இருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மகள் அதில் பேசுவாள். பாலம்மா பேசி முடித்ததும், "நல்லா இருக்காளாம்" என்று ஒரு வரி சேதுராமனுக்குக் கிடைக்கும். அவருடைய போனில் நிமிடங்கள் குவிந்து கிடந்து மாதா மாதம் அழிந்தன.

கிருஷாந்தி முழுகாமல் இருந்து ஏழாம் மாதம் நடந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை பாலம்மா குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள். பெரியாஸ்பத்திரியில் வாதம் என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, வாயும் போய்விட்டது. "சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்று டொக்டர் தமிழிலேயே சொன்னார். பாலம்மாவுக்கு நினைவு இருந்தது. கண் இருந்தது. வாட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் கண் அங்கே போகும். வந்தது மகள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வரும். அவள் யாரைத் தேடுகிறாள் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

தன் நம்பரைப் பார்த்தால் மகள் பயப்படுவாள் என்று, சேதுராமன் பாலம்மாவின் போனிலிருந்தே அழைத்தார். உடனே ஆன்சர் வந்தது.

"சொல்லும்மா! என்னா காலங்காத்தாலயே?"

"நான் அப்பா பேசுறேன்."

அம்மாவின் போனில் அப்பாவின் குரல். அதிலேயே அவளுக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது.

"ஒன்னும் இல்ல கண்ணு. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. ஆஸ்பத்திரியில இருக்கு. பதறாம கெளம்பி வா." பிள்ளைத்தாய்ச்சி பதறக்கூடாதே என்று அவர் குரலைத் தாழ்த்தினார். மழையை மட்டும்தான் விசாரிக்கவில்லை. மற்றதெல்லாம் அதே ராகம், அதே நிறுத்தம். அவருக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. மூக்கையாவின் மகள் விழுந்த நாளிலிருந்து அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு விதம்தான்.

"அம்மா போயிட்டாங்களாப்பா?"

"இல்ல, இல்ல, உசுரு இருக்கு. சத்தியமா இருக்கு..."

மகள் அலறிய அலறல் வாட்டு வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது. "அய்யோ, நெசமா சொல்றேன்டி, கேளு" என்று அவர் கத்தும்போதே பாலம்மாவின் போனில் ரீலோட் முடிந்து அறுந்துபோனது. நிமிடங்கள் நிறைந்த தன் போனை எடுத்து அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். இந்த முறை யாரோ அறுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை தரம் அழைத்தார் என்று அவருக்கே தெரியாது.

மோகனராஜ் மட்டும் பேசினான். "மாமா, அவளுக்கு ஏழு மாசம். எழவுக்கு வரக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க, அதுதான் சரி. நான் லோட எறக்கிட்டு எடுப்புக்கு வந்துர்றேன்."

"டேய் தம்பி, எழவு இல்லடா. உசுரோட இருக்கா."

"சரிங்க மாமா. நீங்க மனசத் தளர விட்டுறாதீங்க" என்று ஆறுதல் சொல்லி வைத்தான்.

கணேசை அழைத்தார். கூடப் பிறந்தவனாவது வருவானே. அவன், "அய்யோ அக்கா" என்று ஒரு மூச்சு அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, "எடுப்பு எப்ப மச்சான்? நாளக் கழிச்சா?" என்றான். உயிர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். "சரி சரி, வெளங்குது. பொட்டி வீட்டுக்கு எத்தன மணிக்கு வரும், அதச் சொல்லுங்க. வேன் பேசணும்" என்றான். யாரைக் குற்றம் சொல்ல? இத்தனை வருசமாக அவர் சொன்ன ஒருவரும் பிழைத்து எழுந்ததில்லை.

பெண்கள் வாட்டில் ஆண்கள் தங்க முடியாது. பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வராந்தா பெஞ்சில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் தாயை வைத்திருந்த நுஸ்கி என்பவரும் அதே பெஞ்சில்தான். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். சேதுராமனின் புலம்பலைக் கேட்டுவிட்டு, "இதுக்கா அழுறீங்க? என்ட போன்ல ஒரு படம் எடுத்து அனுப்புவோமே. கண்ணால கண்டா நம்புவாங்கதானே" என்றார்.

பார்க்கும் நேரத்தில் நுஸ்கி படம் எடுத்தார். பாலம்மா மருந்து மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூக்கில் செருகிய குழாய் விழாமல் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நல்ல மனதோடு எடுத்து, நல்ல மனதோடு கிருஷாந்தியின் போனுக்கு அனுப்பிய படம்தான். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாளின் குரல் பதிவாகி வந்தது. நுஸ்கி அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டினார்.

"அண்ணே, ஒங்களுக்கு இருக்கிறது ஒரே புள்ள. மூக்குல பஞ்சு வச்ச படத்தப் போயி ஒரு புள்ளத்தாச்சிக்கு அனுப்புவாங்களா? நல்லவேள, நான் அவ கண்ணுல காட்டல. இந்தப் போன நான் அணச்சி வைக்கிறேன். காரியம் எல்லாம் முடியட்டும்."

நுஸ்கி போனை மடியில் வைத்தார். "என்ன மனுசங்க இவங்க?" என்றார். சேதுராமனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த அம்மாளின் இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று பட்டது. அதுதான் அவரை அதிகம் கொன்றது.

நேரில் போய்க் கூட்டி வரலாம்தான். ஆனால் போன நேரத்தில் பாலம்மா போய்விட்டால்? கதவைப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கு அவரும் இல்லாமல் போய்விட்டால்? போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் புதன்கிழமை வரை பெஞ்சைத் தேய்த்தார்.

புதன் பின்னேரம் குளித்துத் துணி மாற்ற வீட்டுக்கு வந்தபோது, மஹய்யாவயில் அவருடைய ஒழுங்கை தெருவோடு சேரும் முடக்கிலிருந்து வீட்டு வாசல் வரை வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. கணேஸ் சொல்லி, மரண உதவிச் சங்கத்துப் பையன்கள் கட்டியது. வாசலில் வாடகைக் கதிரைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். சேதுராமன் முடக்குக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு கொடியாக அறுத்துக்கொண்டே வந்தார். "அண்ணே, என்னாண்ணே, புத்தி கெட்டுப் போச்சா?" என்று ஓடிவந்து தடுத்தாள் பக்கத்து வீட்டு டிலானி. "அவ சாகல டிலானி. நீ வேணும்னா வந்து பாரு. வந்து பாத்துட்டுக் கட்டச் சொல்லு" என்று தெருவில் உட்கார்ந்து அழுதார்.

டிலானி வந்து பார்த்தாள். அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் அந்தப் புத்தி வந்தது. பாலம்மாவின் கை அவள் கையை இறுக்கிப் பிடித்ததும் அவளும் உடைந்துபோனாள். "நீங்க காலையில போயி புள்ளயக் கூட்டிட்டு வாங்கண்ணே. அது வரைக்கும் நான் அக்கா பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை விடிய, சேதுராமன் வாட்டுக் கதவுக்கு வெளியில் நின்றபடி மனைவியைப் பார்த்தார். "கிருஷாந்தியக் கூட்டியாறேன்" என்று வாயை அசைத்துக் காட்டினார். பாலம்மா இமையை மூடித் திறந்தாள். அவர் நாவலப்பிட்டி பஸ்ஸைப் பிடித்தார்.

சம்பந்தி வீட்டு வாசலில் அவர் காலை வைத்ததுமே உள்ளிருந்து ஒப்பாரி கிளம்பிவிட்டது. நடு வீட்டில் ஒரு ஸ்டூல் மேல் மகளின் கல்யாணத்தில் எடுத்த பாலம்மாவின் படம். அதற்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். கிருஷாந்தி தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது.

"அந்த மாலையக் கழட்டு" என்றார் சேதுராமன். "ஒங்கம்மா உசுரோட இருக்கா. வா போவோம்."

"இன்னுமாப்பா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்கிட்டயுமா?"

"உசுரோட இருக்காடி! வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கா. வாய் மட்டுந்தான் வரல."

"அண்ணே, போதும், விடுங்க. புள்ளயப் போட்டு வதைக்காதீங்க" என்று சம்பந்தியம்மாள் குறுக்கே வந்தாள்.

அப்போதுதான் சேதுராமன் யாரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். மகள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் வயிற்றில் கையை வைத்தார். "ஒன் வயித்துப் புள்ள மேல சத்தியம். ஒங்கம்மா சாகல."

ஒப்பாரி பாதியில் நின்றது. பிறக்காத பிள்ளை மேல் எந்தத் தாத்தா பொய்ச்சத்தியம் செய்வான்? கிருஷாந்தி அப்பாவின் முகத்தை வெறித்துப் பார்த்தாள். அடுத்த கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தானே மாலையைப் பிய்த்து எறிந்தாள். "நான் போறேன் மாமி. யாரும் ஒன்னும் சொல்லாதீங்க" என்று சேலை மாற்ற உள்ளே ஓடினாள். சிரிப்பும் அழுகையுமாக, "அம்மாவுக்கு நைட்டி எடுத்துக்கவாப்பா? என்னா குடிக்கிறாங்க?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

அவருடைய போன் அடித்தது. முற்றத்துக்கு இறங்கிப் போய்க் காதில் வைத்தார். டிலானிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே. இப்பத்தான். கண்ண மூடவே இல்லண்ணே, நான்தான் மூடி விட்டேன்."

சம்பந்தியம்மாள் படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். மெதுவாக இறங்கிக் கிட்டே வந்தாள். "அப்ப நெசமாவே உசுரோடயா இருந்தாங்க?"

"இருந்தா. வெடியக்காலைல இங்கதான் வாறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவகிட்டச் சொல்லிறாதீங்கண்ணே. தாங்க மாட்டா. உசுரோட கெடந்த தாயிகிட்ட விடலன்னு காலம் பூரா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவள் தனக்காகத்தான் கெஞ்சினாள், அது சேதுராமனுக்கு நன்றாகவே தெரிந்தது. ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒன்று மெய். மூன்று நாள் அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், நீதான் வரவில்லை என்பதை ஒரு மகள் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பாள்? அதைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளையை எப்படிப் பெறுவாள்?

கிருஷாந்தி கையில் பையோடு வெளியே வந்தாள். வாரிய தலை, கழுவிய முகம். "வாங்கப்பா, போவோம்."

சேதுராமன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேணாம் கண்ணு. அம்மா திங்கக்கிழமையே போயிட்டா. ஒடனேயே போயிட்டா, ஒன்னும் தெரியாமப் போயிட்டா. நான் சொன்னது பொய்."

அவள் பை கீழே விழுந்தது.

"எம்புள்ள மேல சத்தியம் பண்ணீங்களேப்பா."

அவர் குனிந்து பையை எடுத்துப் படியில் வைத்தார்.

"எம்புள்ள மேல பண்ணீங்களே. மனுசனா நீங்க? போங்க. செத்தாலும் எனக்கு வேணாம் நீங்க. போங்க வெளிய!"

சம்பந்தியம்மாள் மருமகளை அணைத்து உள்ளே கூட்டிப் போனாள். கதவு சாத்தப்பட்டது. முற்றத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, சேதுராமன் பஸ்ஸுக்கு நடந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தார். அந்த மாதத்து நிமிடங்கள் அப்படியே இருந்தன. பாலம்மா செத்ததைச் சொல்ல அவர் யாரையும் அழைக்கவில்லை, அது எல்லாருக்கும் முன்பே தெரிந்த செய்தி. என்றைக்காவது கிருஷாந்தி விசாரித்தால் திங்கட்கிழமைதான் என்று சொல்லுங்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. டிலானி அழுதுகொண்டே சரியென்றாள். நுஸ்கி, "இது பாவமில்லையா அண்ணன்?" என்று கேட்டுவிட்டு, பிறகு அவரும் சரியென்றார். மாத்தளையில் இரண்டு பேர் அவர் நம்பரைக் கண்டு பதில் சொல்லவே இல்லை. மற்றவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலம்மா மூன்று நாள் உயிரோடு கிடந்தாள் என்பதை அவர்களில் ஒருவர்கூட நம்பியிருக்கவில்லை.

கடைசியாகக் கணேசை அழைத்தார்.

"அக்கா திங்கக்கிழமை போயிட்டா கணேஸ். கிருஷாந்தி கேட்டா அப்புடியே சொல்லு."

"அதத்தான் அன்னிக்கே சொன்னீங்களே மச்சான்" என்றான் கணேஸ். "இதுக்கு எதுக்கு இன்னொரு கோலு?"